என் தம்பி முடித்த முதல் வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கோபக்காரி. போதாக்குறைக்குக் குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள். மெக்சிகோவில் குவாதலஹாரா என்கிற ஊரில், மின்னணுப் பலகைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாடு என் வேலை. மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்துப் பண்டமாரானில் பிறந்து வளர்ந்தவள் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்று எல்லாரும் கேட்பார்கள். இங்கே ஷா ஆலாமில் வேலை பார்த்த கம்பெனி, இரண்டு வருஷம் போய்விட்டு வா என்று அனுப்பியது. போனேன். ஆறு வருஷம் ஓடிவிட்டது.

வருஷத்துக்கு இரண்டு முறை லீவில் வருவேன். பண்டமாரான் வீட்டில் அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். அறை இரண்டே இரண்டு. எனக்கு ஹாலில், டிவிக்கு முன்னால் மெத்தை. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா விளக்கைப் போட்டுப் பெருக்க ஆரம்பிப்பார். "எழுந்திரிடி, மெத்தைக்குக் கீழ கூட்டணும்" என்று விளக்குமாற்றுக் கட்டையால் தட்டுவார். உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து மூன்று விமானம் மாறி வந்தவளுக்குக் கிடைத்த மரியாதை அது. நாற்பத்தெட்டு வயதில் ஒரு கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மணி வரைக்கும் தூங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்காகத்தான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் அந்தக் கொண்டோவை வாங்கினேன்.

பதினான்காவது மாடி. கட்டடம் பழையது. உள்ளே நிலைமை இன்னும் மோசம். டாய்லட் சுவரில் பாசி, சமையலறை அலமாரிகளில் கரையான், தரையில் பாதி டைல்ஸ் தூக்கிக்கொண்டு நின்றன. ஆனால் பால்கனியில் நின்றால் கீழே மோனோரெயில் போவது தெரியும், மல்லிகைப்பூக் கடைகள் தெரியும். லீவுக்கு வந்து தங்க எனக்கு அது போதும்.

"சொந்த வீடு இருக்கறப்ப ஓட்டல் மாதிரி இன்னொன்னு எதுக்குடி?" என்றார் அம்மா.

"லீவுக்கு வந்தா தங்கறதுக்கும்மா."

"லீவுக்குன்னு ஒரு வீடா! அடேயப்பா, பெரிய மனுஷிதான் போ."

என்னிடம் இப்படிப் பேசிவிட்டு, மறுநாளே எங்கள் வரிசையில் இருக்கிற அத்தனை வீட்டுக்கும் போய், என் மகள் பிரிக்பீல்ட்சில் வீடு வாங்கிவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார். தம்பி மனைவிதான் சிரித்துக்கொண்டே போனில் சொன்னாள்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷம் போர்ட் கிள்ளானில் கொன்டெய்னர் லோரி ஓட்டியவன். முதுகெலும்புத் தட்டு விலகி ஒருநாள் லோரியிலிருந்து இறங்கவே முடியாமல் போனது. இனி நீண்ட தூரம் ஓட்டினால் கால் விளங்காமல் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு டைல்ஸ் பதிக்கிற ஒரு குழுவோடு இரண்டரை வருஷம் அலைந்தான். குனிந்து செய்கிற வேலைதான், ஆனால் நினைத்தபோது எழுந்து நிமிர்ந்துகொள்ளலாம். கை நல்ல கை. ஆனால் ஒரு முழு வீட்டை நம்பி அவனிடம் கொடுக்க யாரும் வரவில்லை. கிள்ளானில் எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், தன் சமையலறையை இடித்துப் பெரிதாக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி போய்க் கேட்டான்.

"முதல்ல ஒரு வீட்ட முழுசா முடிச்சிக் காட்டுப்பா. அப்புறம் பேசுவோம்" என்று அனுப்பிவிட்டார்.

மாமா அவனை வைத்துச் செய்துகொண்டால் சொந்தக்காரர்கள் எல்லாரும் செய்துகொள்வார்கள். எங்கள் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் இல்லை என்றால் தம்பிக்கு வேறு வழி இல்லை. பழைய லோரி முதலாளியிடம் மறுபடியும் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறான் என்று அவன் மனைவி என்னிடம் அழுதாள். அந்த முதுகை வைத்துக்கொண்டு ஜொகூருக்கும் பினாங்குக்கும் ஓட்டப் போகிறானாம். நான் அன்றைக்கே முடிவு செய்தேன், என் வீட்டை அவன்தான் செய்ய வேண்டும் என்று.

அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. "அவன்கிட்டயா குடுக்கற? எதையாச்சும் முழுசா முடிச்சிருக்கானா அவன்? பள்ளிக்கூடத்த பாதில விட்டான், வெல்டிங் படிப்ப பாதில விட்டான். உன் வீட்டையும் பாதில விடுவான், பாத்துக்க" என்றார். அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னார். அவன் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ரசம் ஊற்றிக்கொண்டான்.

வேலை ஆரம்பித்தது. எனக்கு மாலை ஆறு மணி என்றால் இவர்களுக்கு மறுநாள் காலை எட்டு. நான் வேலை முடிந்து வந்து காப்பியோடு உட்காருவேன். தம்பி போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டுவான். நான் விடுவேனா? தொழிற்சாலையில் செய்கிற மாதிரியே பட்டியல் போட்டு அனுப்பினேன். ஒவ்வோர் அறைக்கும் ஒரு பக்கம், ஒவ்வொரு வரிக்கும் ஒரு போட்டோ. சிமெண்டு எந்த மாதிரி, டைல்ஸ் இடைவெளி எவ்வளவு, எல்லாம் எழுதினேன். "அக்கா, இது வீடா ராக்கெட்டாக்கா?" என்று கேட்டான். கேட்டானே தவிர, ஒரு போட்டோவைக்கூடத் தவறவிடவில்லை.

சண்டை போட்டோம், நிறையவே போட்டோம். டாய்லட்டுக்குக் கறுப்பு டைல்ஸ்தான் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். குவாதலஹாராவில் என் சிநேகிதி வீட்டில் பார்த்தது, ராணி குளிக்கிற இடம் மாதிரி இருக்கும்.

"கறுப்புல சோப்புக் கற வெள்ள வெள்ளையா தெரியும்க்கா. நீ வருஷத்துல ஒரு மாசம் இருப்ப. மிச்ச நாளு யாரு தொடைக்கிறது? அம்மாதான் வந்து முட்டி போட்டுத் தேய்க்கும்."

"எனக்குப் பாடம் எடுக்காதடா. சொன்னத செய்."

"சரி லா, செய்றேன். அப்புறம் என்னைய ஏசாத."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு, நானே சாம்பல் நிறம் போதும் என்று செய்தி அனுப்பினேன். அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் பொம்மை ஒன்றை அனுப்பினான். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

தண்ணீர் விஷயத்தில்தான் அவனை ரொம்பவும் படுத்தினேன். மாடி வீட்டில் டாய்லட் ஒழுகினால் கீழ் வீட்டுக் கூரை போய்விடும். அதனால் டைல்ஸ் பதிப்பதற்கு முன் தரைக்குத் தண்ணீர் புகாத பூச்சு பூசி, துளையை அடைத்து, கணுக்கால் அளவு தண்ணீரைக் கட்டி இரண்டு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு டாய்லட்டுக்கும் செய், சமையலறைக்கும் செய் என்றேன். செய்தான். பதின்மூன்றாவது மாடிக்குப் போய், அங்கே தனியாக இருக்கிற ஒரு சீன ஆன்டியிடம் கேட்டுக்கொண்டு அவருடைய கூரையையும் போட்டோ எடுத்து அனுப்பினான். சொட்டு ஈரம் இல்லை. நான் சந்தேகப்பட்டு மூன்றாவது நாளும் எடுக்கச் சொன்னேன். அந்த ஆன்டி இவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாராம்.

ஐந்து மாதத்தில் வேலை முடிந்தது. மாமாவையும் சொந்தக்காரர்களையும் அழைத்துப் பால் காய்ச்சுவது என்று, என் லீவுக்குத் தகுந்தபடி அம்மா ஒரு நாள் பார்த்தார். தம்பி சாவியை அம்மாவிடம் கொடுத்தான். நான் வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

அப்போதுதான் கட்டட நிர்வாக அலுவலகத்திலிருந்து அந்த மின்னஞ்சல் வந்தது. உங்கள் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. உங்கள் வீட்டைப் புதுப்பித்த குத்தகையாளரின் வேலை சரியில்லை. ஒரு வாரத்துக்குள் சரிசெய்யாவிட்டால் அவரை இனி இந்தக் கட்டடத்துக்குள் விடமாட்டோம். கூடவே ஒரு போட்டோ. வெள்ளைக் கூரையில் பழுப்பாக ஒரு கறை, அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. ஏன், எப்படி என்று எதையும் யோசிக்கவில்லை. போனைப் போட்டேன்.

"என்னடா செஞ்சி வெச்சிருக்க?"

"தெரியும்க்கா. ஆபீஸ்ல எனக்கும் சொன்னாங்க."

"ரெண்டு நாள் தண்ணி கட்டிப் பாத்தேன்னு போட்டோ அனுப்பினியே, அது எந்த வீட்டு போட்டோ? யாரை ஏமாத்தற? எல்லார்கிட்டயும் சண்ட போட்டு உன்கிட்ட குடுத்தேன் பாரு, என்னைய சொல்லணும். அம்மா சொன்னதுதான் சரி. பேசாம நீ லோரியே ஓட்டியிருக்கலாம்."

அதைச் சொன்னவள் நான்தான். அவன் முதுகு எனக்குத் தெரியும், அவன் மனைவி அழுதது தெரியும், தெரிந்தே சொன்னேன்.

"சரிக்கா. நான் பாத்துக்கறேன்" என்றான். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டான்.

நான்கு நாள் கழித்து அலுவலகத்திலிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. கீழ் வீட்டுக் கூரை சரிசெய்யப்பட்டது, வீட்டுக்காரர் திருப்தி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் தம்பிக்கு நன்றி என்றுகூட அனுப்பவில்லை. செய்தவன்தானே சரிசெய்ய வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஊருக்கு வந்த மறுநாள் தம்பி என்னைக் கொண்டோவுக்கு அழைத்துப்போனான். கதவைத் திறந்துவிட்டுத் தான் வெளியே நின்றுகொண்டான். நான் உள்ளே போனேன்.

கோபத்தோடு வந்தவள்தான். ஆனால் பொய் சொல்ல மாட்டேன், வீடு அவ்வளவு அழகாக இருந்தது. வாசலில் ஆரம்பித்த டைல்ஸ் கோடு ஹாலைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்பக்கம் துணி காயப்போடுகிற இடம் வரைக்கும் ஒரே நேராக ஓடியது. சாமி படங்களுக்குச் சுவரில் ஒரு மாடம் கேட்டிருந்தேன். கிழக்குப் பார்க்க வைத்து, விளக்கின் சூடு மேலே தாக்காமல் இருக்க ஒரு கல் பலகையும் பதித்திருந்தான். அந்தப் பலகை என் பட்டியலில் இல்லாதது. பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தேன். டைல்ஸுக்கு அடியில் சிமெண்டு நிறையாமல் இருந்தால் தட்டும்போது பொக்கென்று கேட்கும். ஹாலில் மண்டி போட்டு ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். அடுத்து இரண்டு அறை, இரண்டு டாய்லட், சமையலறை. ஒன்றுகூடப் பொக்கு இல்லை. எத்தனையோ தொழிற்சாலைகளில் எத்தனையோ பேருடைய வேலையைத் தட்டிப் பார்த்தவள் நான். இப்படி ஒரு வேலையை நான் அதிகம் பார்த்ததில்லை. செய்தது என் தம்பி.

இவ்வளவு சுத்தமாக வேலை செய்தவன் டாய்லட்டில் எப்படிக் கோட்டை விட்டான்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

மெக்சிகோ சாக்லேட் ஒரு பெட்டி எடுத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க நான் மட்டும் கீழ் வீட்டுக்குப் போனேன். ஆன்டி கதவைத் திறந்ததும் சிரித்த முகமாக அழைத்து உட்கார வைத்தார். கூரையைக் காட்டினார். கறை இருந்த இடம் மட்டும் தெரியக்கூடாது என்று ஹால் கூரை முழுவதற்கும் உன் தம்பி பெயின்ட் அடித்துக் கொடுத்தான், இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏணியில் நின்றான், பாவம் என்றார். நான் அண்ணாந்து பார்த்தேன். ஒழுகியது எந்த இடம் என்று கேட்டேன். சோபாவுக்கு நேர் மேலே காட்டினார்.

அது ஹாலின் நடு. மேலே என் வீட்டிலும் அது ஹாலின் நடுதான். டாய்லட் ஒரு கோடியில், சமையலறை இன்னொரு கோடியில். ஹாலில் குழாயும் கிடையாது, தண்ணீர் போகிற துளையும் கிடையாது. அங்கே தண்ணீர் எப்படி வந்தது?

மேலே வந்து தம்பியைக் கேட்டேன்.

"ஏதோ ஆயிடுச்சிக்கா. அதான் சரி பண்ணிட்டேனே. விடு."

"விடறதா? ஹால்ல எப்படிடா தண்ணி?"

"விடுக்கா" என்று லிப்டைப் பார்த்து நடந்துவிட்டான். என் தொழிலில் ஒருவன் கண்ணைப் பார்க்காமல் பதில் சொன்னால் அவன் வேறு யாரையோ காப்பாற்றுகிறான் என்று அர்த்தம். யார் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. பண்டமாரான் வீட்டில் அம்மா எனக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்த்தாயா, பிடித்திருக்கிறதா என்று கேட்டார். சூப்பராக இருக்கிறது, பளபளவென்று இருக்கிறது என்றேன்.

"இருக்காதா பின்ன? கழுவுனது யாரு?" என்றார் அம்மா.

"யாரு கழுவினா?"

"நான்தான்டி! அந்தப் பய தொடச்சி வெச்சிட்டு முடிஞ்சிதுன்னு சாவிய குடுத்தான். சிமெண்டு புழுதியோட சாமி படத்த வெக்க முடியுமா? வெள்ளிக்கிழம நானும் சித்தியும் கொமுட்டர்ல போனோம். வெளக்குமாறு, வாளி எல்லாம் எடுத்துக்கிட்டுத்தான் போனோம், ரயில்ல எல்லாரும் எங்களயே பாத்தாங்க. மஞ்சத்தூள கரைச்சி பதினஞ்சி வாளி ஊத்தி கழுவினோம். ஆனா உன் வீட்டுல தண்ணி போறதுக்கு வழியே வெக்கல. ஹால்ல அப்படியே நின்னுச்சி. பால்கனி பக்கம் தள்ளினா அங்க படி தடுக்குது. சரி, ஊறட்டும், நல்லா ஊறினாத்தான் புழுதி விடும்னு உட்டுட்டு, சாப்பிட்டு வந்து வாரி ஊத்தினோம்."

தோசை வாயிலேயே நின்றுவிட்டது.

அம்மாவைக் குறை சொல்வதற்கு முன் இதையும் சொல்ல வேண்டும். அம்மா இருபத்தெட்டு வருஷம் போர்ட் கிள்ளானில் ஓர் அலுவலகக் கட்டடத்தைக் கழுவியவர். நான்கு மாடி, தினமும். அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். தரைவீட்டில் வாழ்ந்தவருக்கு, வாளி வாளியாக ஊற்றி வாசல் கால்வாயில் தள்ளிவிடுவதுதான் கழுவுவது. கொண்டோ ஹாலில் டைல்ஸுக்குக் கீழே தண்ணீர் புகாத பூச்சு கிடையாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. அத்தனை பக்கம் பட்டியல் எழுதினேனே, என் அம்மா வீட்டைக் கழுவ வருவார் என்று அதில் ஒரு வரி எழுதத் தோன்றவில்லை எனக்கு. குவாதலஹாராவில் என் தெருப் பெண்கள் தினமும் காலையில் வாசலில் வாளித் தண்ணீரை வீசிக் கழுவுவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போயும் எனக்கு மூளை வேலை செய்யவில்லை.

தம்பி வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். போய் அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன்.

"அம்மா தண்ணி ஊத்தினது உனக்கு அன்னைக்கே தெரியும்ல?"

வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "அன்னைக்கு சாயங்காலம் போனேன்க்கா. மூலைல எல்லாம் மஞ்ச. வாசல்ல கோலம் வேற போட்டிருந்துச்சி. பாத்ததும் தெரிஞ்சிடுச்சி."

"நான் அந்தப் பேச்சு பேசினேனேடா. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிக்கா சொல்றது? அம்மா யாரு கட்டடத்தையோ கழுவிக் கழுவித்தான் நம்மள வளத்துச்சி. ஒன் வீட்ட கழுவுனதுல அவ்ளோ சந்தோஷம் அதுக்கு. அதுதான் தப்புன்னு நான் போய்ச் சொல்லவா? நான் ஏச்சு வாங்கிக்கறேன், எனக்குப் பழக்கந்தான். நீயும் சொல்லக்கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தேன். அந்தத் துணியால் அவன் காரை நானே துடைத்து முடித்தேன்.

பால் காய்ச்சும் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். கீழே காவலுக்கு நிற்கிற ஜாகா, இத்தனை கார்களை எங்கே விடுவது என்று தவித்துக்கொண்டிருந்தார். மாமா வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வோர் அறையாகப் போனார். டாய்லட் கதவைத் திறந்து மூடினார், அலமாரியை இழுத்துப் பார்த்தார். "ம்... பரவால்லயே" என்றார். மாமா வாயிலிருந்து அது வந்தால் பெரிய பட்டம். தம்பி மனைவி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே சிரித்தாள். தம்பி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, டம்ளர் தட்டைப் பிடித்தபடி சமையலறை ஓரம் நின்றான். அவன் அவ்வளவு நிமிர்ந்து நின்று நான் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

அம்மா அடுப்பில் பால் வைத்துவிட்டு நின்றபோது கீழ் வீட்டு ஆன்டி வந்தார். அழைத்தவள் நான்தான். ஆரஞ்சுப் பையைக் கொடுத்துவிட்டு, எதிரே இருந்த மாமாவிடம் மலாயிலும் ஆங்கிலத்திலும் கலந்து தம்பியைப் புகழ ஆரம்பித்தார். ரொம்ப நல்லவன், என் வீட்டில் ஒழுகியபோது சொன்ன உடனே வந்து கூரை முழுக்கப் புதிதாகச் செய்து கொடுத்தான் என்றார்.

மாமாவின் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்தது.

"ஒழுகிச்சா? புது வேலையிலயா?" என்று தம்பியைக் கேட்டார்.

தம்பி கையிலிருந்த டம்ளர் தட்டைப் பார்த்தான்.

"அதானே பாத்தேன். மேல மினுக்கினா போதுமா? சரி சரி, நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பேச்சு. என் சமையக்கட்டுக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கு உண்மை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. தம்பி என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. நான் அடக்கிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை அடக்கிய ஒரே நாள் அது.

ஆன்டிக்குத் தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று புரிந்துவிட்டது. பதறிப்போய், இல்லை இல்லை, அவன் வேலை நல்ல வேலை, அது என்னவோ விசித்திரம், ஒரே ஒரு நாள்தான் ஒழுகியது, அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை என்றார். "ஆயர் கூனிங் லா" என்று சோபாவில் சொட்டுவதுபோல் கையால் காட்டினார். மஞ்சள் தண்ணீர்.

அடுப்புப் பக்கம் நின்ற அம்மா திரும்பினார். அம்மாவுக்குக் கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் தெரியும். எந்த நாள் என்று ஆன்டியைக் கேட்டார். வெள்ளிக்கிழமை என்றார் ஆன்டி.

அம்மா தம்பியைப் பார்த்தார். "ஒனக்குத் தெரியுமாடா?"

"விடும்மா. பால பாரு, பொங்குது."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. யாரும் குலவையிடவில்லை. சித்திதான் ஓடிப்போய் நெருப்பை அணைத்தார். அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஆன்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"சாயா ஜிரூஸ் ஆயர்" என்றார். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். "சாலா சாயா. அனாக் சாயா தாக் சாலா." தப்பு என்னுடையது. என் பிள்ளை மேல் தப்பில்லை.

எழுபத்திரண்டு வயதில் என் அம்மா தப்பு என்னுடையது என்று யாரிடமாவது சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அதோடு நிறுத்தவில்லை அவர். மாமா பக்கம் திரும்பினார்.

"அண்ணே, பதினஞ்சி வாளி தண்ணிய நடு ஹால்ல ஊத்தி ஊற வெச்சவ நான். என்னைய காட்டிக் குடுக்காம இவன் வாய மூடிக்கிட்டு எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கியிருக்கான். இவன் செஞ்ச வேலையில ஒரு சொட்டு ஒழுகல. நீங்க ஒங்க சமையக்கட்ட குடுத்தா குடுங்க, குடுக்காட்டி போங்க. என் மவன் வேலைய என் முன்னாடி யாரும் கொற சொல்ல வேணாம்."

அண்ணனை எதிர்த்து அம்மா பேசி யாரும் பார்த்ததில்லை. மாமா ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தம்பி டம்ளர் தட்டை மெதுவாக மேடைமேல் வைத்துவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டான்.

கொஞ்சம் பொறுத்து நானும் போனேன். லிப்டுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். தோள்கள் குலுங்கின. அவன் முதுகுக்கு அப்படி உட்காரக்கூடாது. ஆனால் நான் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"மன்னிச்சிடுடா. அந்த லோரிப் பேச்சுக்கு" என்றேன்.

துண்டுக்குள்ளிருந்தே தலையை ஆட்டினான்.

உள்ளேயிருந்து பேச்சுச் சத்தம் வர ஆரம்பித்தது. கதவு திறந்தது. தம்பி மனைவி தலையை நீட்டினாள். "உள்ள வாங்க. மாமா கூப்பிடறாரு" என்றாள்.

"என்னவாம்?" என்றான் தம்பி.

"அவங்க சமையக்கட்டு எத்தன அடி இருக்கும்னு கேக்கறாரு."

தம்பி துண்டால் கண்ணை அழுத்தித் துடைத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டான்.

"பத்துக்குப் பன்னெண்டு" என்றான். "போன வருஷமே அளந்துட்டேன்."